வெலாஸ்கெஸின் ‘நூற்கும் பெண்கள்’ ஓவியத்தைப் பார்க்கும் முறை: முழுமையான வழிகாட்டி

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் டியாகோ வெலாஸ்கெஸ் 1655-க்கும் 1660-க்கும் இடையில் வரைந்த ஓர் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அதை ‘லாஸ் இலாந்தேராஸ்’, அதாவது ‘நூற்கும் பெண்கள்’ என்கிறார்கள். அராக்னி என்ற நெசவுக்காரப் பெண், அறிவுக்கும் நெசவுக்கும் உரிய ரோமானியத் தெய்வமான மினர்வா தேவியோடு போட்டியிட்டுச் சிலந்தியாக மாறிய புராணக் கதை இதில் இருக்கிறது. ஆனால் முதல் பார்வைக்கு அந்தக் கதை தென்படாது; ஒரு மங்கலான அறையில் சில பெண்கள் கம்பளி நூற்றுக்கொண்டிருப்பது மட்டுமே தெரியும்.

இந்த ஓவியத்தின் முன் நான் பலமுறை நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். புதியவர்களை அழைத்துச் சென்று காட்டியும் இருக்கிறேன். அவர்கள் தடுமாறும் விதம் பெரும்பாலும் இரண்டுதான். கதை தெரியாதவர்கள் பெண்கள் நூற்கும் அந்த முன்னறையோடு நின்றுவிடுகிறார்கள். கதை தெரிந்தவர்களோ அதற்கு அப்பால் தெரியும் ஒளி நிறைந்த பின்னறைக்கு நேரே தாவி, மினர்வாவின் தலைக்கவசத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததாக எண்ணி நகர்ந்துவிடுகிறார்கள். முன்னாலிருந்து பின்னால் போய், பின்னாலிருந்து மறுபடி முன்னால் வர வேண்டும் என்பதே நான் பட்டு அறிந்த முறை. அந்த வரிசையில்தான் கீழே உள்ள படிகள் அமைந்திருக்கின்றன.

1. புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முதலில் கதையை அதன் மூலத்திலிருந்து படித்துவிடுங்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் ஆறாம் புத்தகத்தில் முதல் 145 வரிகள் இந்தக் கதைக்கு உரியவை. ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பில் அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

சுருக்கங்களை நம்பிப் போவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தேவியோடு போட்டியிட்ட அராக்னி தோற்றாள், அதனால் தண்டிக்கப்பட்டாள் என்றே பல சுருக்கங்கள் முடித்துவிடுகின்றன. ஓவிட் அப்படிச் சொல்லவில்லை. மினர்வாவாலும் சரி, பொறாமையின் தேவதையாலும் சரி, அராக்னி நெய்த சீலையில் (உருவங்கள் நெய்த சித்திரத் துணியில்) ஒரு குறையும் காண முடியவில்லை என்றே அவர் எழுதுகிறார். அந்தத் திறமையைப் பொறுக்காமல்தான் மினர்வா சீலையைக் கிழித்துவிட்டு, கையிலிருந்த தறி நாடாவால் அராக்னியின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் அராக்னி தூக்கில் தொங்க, தேவி இரங்கி அவளைச் சிலந்தியாக மாற்றுகிறாள்.

இந்தக் கதையில் மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மினர்வா முதலில் நரைத்த தலையும் கைக்கோலும் கொண்ட கிழவியாக வேடமிட்டு வந்து அராக்னிக்குப் புத்தி சொல்கிறாள். போட்டியில் அராக்னி, தேவர்கள் மானிடப் பெண்களை ஏமாற்றிய கதைகளை நெய்கிறாள். அவற்றுள் முதலாவது, தேவர்களின் அரசனான ஜுப்பிடர் காளை வடிவில் வந்து யூரோப்பா என்ற இளவரசியைக் கடத்திய காட்சி. அடி விழுவது சீலை கிழிந்த பிறகு. இந்த மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாகத் தேவைப்படும்.

அடுத்து, இத்தாலிய ஓவியர் டிஷியன் 1560-க்கும் 1562-க்கும் இடையில் வரைந்த ‘யூரோப்பாவின் கடத்தல்’ ஓவியத்தின் படம் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். மூல ஓவியம் இப்போது பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெலாஸ்கெஸின் காலத்தில் அது ஸ்பானிய அரசரின் தொகுப்பில் இருந்தது. ஆறாம் படியில் இந்தப் படம் இல்லாவிட்டால் வழி அடைத்துவிடும்.

பிராடோவின் கூடங்களுக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. ஆகையால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு, ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பின்னறையின் உருவங்கள் சிறியவை என்பதால் ஒரு சிறிய இருகண் தொலைநோக்கியும் உதவும். வார நாள்களிலும் சனிக்கிழமையிலும் மாலை 6 முதல் 8 வரை கட்டணமில்லை. ஆனால் அந்த நேரத்தில் கூட்டம் அதிகம். முழுதாக முக்கால் மணி நேரம் ஒரே ஓவியத்தின் முன் நிற்கப் போகிறவருக்குக் காலை நேரமே ஏற்றது.

நேரில் போக முடியாதவர்கள் பிராடோவின் இணையதளத்தில் உள்ள பெரிய படத்தை வைத்து இதே படிகளைச் செய்யலாம். நான்காம் படியில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு, அங்கே சொல்கிறேன்.

2. ஓவியத்தின் எல்லையை முதலில் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ஆனால் இதைச் செய்யாமல் மேலே போனால், வெலாஸ்கெஸ் வரையாத ஒரு கட்டடத்துக்கு நீங்கள் பொருள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வெலாஸ்கெஸ் வரைந்த துணி 167 செ.மீ. உயரமும் 252 செ.மீ. அகலமும் கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் வேறு யாரோ அதன் ஓரங்களில் துணிப் பட்டைகளை ஒட்டி வரைந்து, 220 செ.மீ. உயரமும் 289 செ.மீ. அகலமுமாகப் பெரிதாக்கினார்கள். கணக்கிட்டால், பெரிதான ஓவியத்தின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெலாஸ்கெஸின் கையால் ஆனது அன்று. பின்னறைக்கு மேலே தெரியும் வளைவும் வட்டச் சாளரமும் இந்தச் சேர்க்கையில் அடங்கும்.

2021-இல் பிராடோ ஓவியத்தைச் சுற்றி ஒரு புதிய சட்டகத்தை அமைத்தது. பட்டைகளை வெட்டாமல், அவற்றைச் சட்டகத்துக்குப் பின்னே மறைத்து, மூலப் பகுதி மட்டும் தெரியும்படி செய்தார்கள். எனவே இன்று நேரில் நீங்கள் காண்பது வெலாஸ்கெஸின் அளவு. பழைய புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை பெரிதாக்கப்பட்ட வடிவம்.

உங்கள் கையில் உள்ள படத்தில் மேலே வட்டச் சாளரம் தெரிந்தால் அது பழைய வடிவம் என்று கொள்ளுங்கள். ஒரு தாளால் மேற்பகுதியை மறைத்துப் பாருங்கள். உயரம் குறைந்ததும் முன்னறைப் பெண்கள் சட்டென்று நம் பக்கம் நெருங்கி வருவார்கள். பின்னறையும் தொலைவிலுள்ள மேடையாக இல்லாமல் அடுத்த அறையாகிவிடும். படங்களை மட்டும் பார்த்துப் பழகிய ஒருவரை நேரில் அழைத்துப் போனபோது அவர் இது வேறு பிரதியோ என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதே.

3. முன்னறையைக் கதையின்றிப் பாருங்கள்

கதையைப் படித்துவிட்டு வரச் சொன்னவனே இப்போது அதை மறக்கச் சொல்கிறேன். காரணம் உண்டு. கதையோடு பார்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் வைப்பதில் கவனம் போய்விடும். அவர்கள் கைகள் என்ன செய்கின்றன என்பது கண்ணில் படாது.

இடமிருந்து வலமாகப் போங்கள். இடது ஓரத்தில் ஒரு பெண் சிவப்புத் திரையை விலக்கியபடி பக்கத்தில் இருப்பவளோடு பேசுகிறாள். அடுத்து, தலையில் வெள்ளைத் துணி கட்டிய முதியவள் இராட்டையின் அருகே அமர்ந்து, கம்பளி சுற்றிய கோலிலிருந்து நூல் இழுக்கிறாள். நடுவில் ஒருத்தி தாழ்வாக அமர்ந்து தரையில் கிடக்கும் கம்பளியின் மேல் குனிந்திருக்கிறாள். அவள் முகம் ஏறத்தாழ நிழலில் கரைந்துபோயிருக்கும். வலப்புறத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த இளம்பெண் நமக்கு முதுகைக் காட்டியபடி, இடது கையை நீட்டி, நூல் சுற்றும் சுழல் கருவியான பரிவட்டத்திலிருந்து நூலை உருண்டையாகச் சுற்றுகிறாள். வலது ஓரத்தில் கூடையோடு ஒருத்தி வருகிறாள். தரையில் ஒரு பூனை. சுவரில் சாய்த்த ஓர் ஏணி.

ஒவ்வொருத்தியின் வேலையையும் ஒரு வினைச்சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்: விலக்குகிறாள், நூற்கிறாள், குனிந்து எடுக்கிறாள், சுற்றுகிறாள், சுமந்து வருகிறாள். இப்படி எழுதும்போதுதான் ஒன்று புலப்படும். கம்பளி நூலாகி உருண்டையாவது வரையுள்ள வேலை இங்கே இருக்கிறது. நெசவு மட்டும் இல்லை. இந்த அறையில் தறியே கிடையாது. நெய்து முடித்த சீலை பின்னறையில்தான் தொங்குகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள உறவை இந்த இடைவெளியிலிருந்தே யோசிக்கத் தொடங்க வேண்டும்.

இதை வெறும் வேலைக் காட்சி என்று கொள்வது அறியாமையால் வரும் தவறு என்று யாரும் கூச வேண்டாம். மாட்ரிட்டின் சாந்தா இசபெல் சித்திரச் சீலைத் தொழிற்கூடத்தில் கண்ட காட்சி என்றே நெடுங்காலம் அறிஞர்களும் கருதினார்கள். பெத்ரோ தெ ஆர்ஸே என்ற அரண்மனை அலுவலரின் 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் வெலாஸ்கெஸின் ‘அராக்னியின் கதை’ என்ற ஓவியம் குறிக்கப்பட்டிருப்பதை 1948-இல் கலை வரலாற்றாய்வாளர் மரியா லூயிசா கத்தூர்லா வெளியிட்டார். அதே ஆண்டில் இன்னொரு கலை வரலாற்றாய்வாளர் தியேகோ அங்குலோ ஓவியத்தின் உள்ளிருந்தே அந்தக் கதையை எடுத்துக் காட்டினார். அதன் பிறகே பார்வை மாறியது.

4. இராட்டைச் சக்கரத்தை மூன்று தொலைவுகளில் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். வெலாஸ்கெஸ் இந்த ஓவியத்தில் என்ன செய்ய முயல்கிறார் என்பதைக் கண்ணே கற்றுக்கொள்ளும் இடம் இது.

முதலில் ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். சக்கரம் சுழல்வது தெரியும். பிறகு இரண்டு மூன்று மீட்டருக்கு வாருங்கள். சக்கரத்துக்கு ஆரைகள் இல்லை என்பது இப்போது புலப்படும். சுழலும் வேகத்தில் ஆரைகள் கண்ணுக்கு மறைந்துபோய், வட்டத்தினூடே பின்னால் இருப்பது தெரிகிறது. கடைசியாக, அருங்காட்சியகம் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். மெல்லிய சாயத்தின் மேல் வளைந்து போகும் சில ஒளிக் கீற்றுகள் மட்டுமே மிஞ்சும். சக்கரம் என்ற பொருளே அங்கே இருக்காது.

வரிசையை மாற்றி அருகிலிருந்து தொடங்கினால் இது கிடைக்காது. கீற்றுகளை முதலில் பார்த்தவர்கள் பழுதோ, முடிக்காமல் விட்ட பகுதியோ என்று எண்ணிவிடுகிறார்கள். தொலைவில் சுழற்சியை நம்பிய கண்தான், அருகில் வந்ததும் அந்த நம்பிக்கை எவ்வளவு குறைந்த சாயத்தால் உண்டானது என்று வியக்கும்.

இதே மூன்று தொலைவுகளில் வலப்புற இளம்பெண்ணின் நூல் சுற்றும் கையையும் பாருங்கள். விரல்கள் தனித்தனியே வரையப்படவில்லை. கை அசைந்துகொண்டே இருக்கிறது.

திரையில் பார்ப்பவர்கள் பெரிதாக்கும் பொத்தானைத் தொடாமல், படத்தைத் திரையளவுக்கு வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய் நின்று பாருங்கள். பெரிதாக்கிப் பார்ப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

5. படியேறிப் பின்னறைக்குச் செல்லுங்கள்

நடுவில் குனிந்திருப்பவளின் தலைக்கு மேலே, படிகளுக்கு அப்பால், ஒளி நிறைந்த சிறிய அறை இருக்கிறது. கண் அங்கே முதலிலேயே ஓடியிருக்கும். அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்ததன் பயன் இப்போது கிடைக்கும். மங்கலில் பழகிய கண்ணுக்கு அந்த ஒளி இன்னும் கூர்மையாகத் தெரியும்.

இங்கேயும் ஐந்து பெண்கள். மூவர் வெலாஸ்கெஸ் காலத்துச் சீமாட்டிகளின் உடையில் இருக்கிறார்கள். அவர்களுள் வலப்புறம் நிற்பவள் மட்டும் தலையைத் திருப்பி முன்னறைப் பக்கமாக, நம்மை நோக்கிப் பார்க்கிறாள். முன்னால் ஐவர், பின்னால் ஐவர் என்ற எண்ணிக்கையையும், இந்த ஒருத்தியின் பார்வையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைகளையும் இணைக்கும் கண் அவளுடையது. சாய்த்து வைத்த பெரிய தந்தி வாத்தியம் ஒன்றும் இருக்கிறது. சிலந்திக் கடிக்கு இசை மருந்து என்ற பழைய நம்பிக்கையோடு சிலர் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். எனக்கு அது சற்று வலிந்து சொல்வதாகவே படுகிறது. குறித்துக்கொண்டு மேலே செல்வது போதும்.

மற்ற இருவரே கதைக்கு உரியவர்கள். தலைக்கவசம் அணிந்து கையை உயர்த்தி நிற்பவள் மினர்வா. அவளை எதிர்கொண்டு சீலையின் முன்னே நிற்பவள் அராக்னி. தொலைநோக்கி இருந்தால் இப்போது பயன்படுத்துங்கள்.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம், இந்த இருவரும் சீலையில் நெய்யப்பட்ட உருவங்கள் என்று கொள்வது. அவர்களும் சீலையும் ஒரே மாதிரி மென்மையான தூரிகை வீச்சில் வரையப்பட்டிருப்பதால் இந்தக் குழப்பம் எவருக்கும் வரும். தரையைப் பாருங்கள்: அவர்கள் சீமாட்டிகள் நிற்கும் அதே தளத்தில் நிற்கிறார்கள். ஆனால் குழப்பம் தீர்ந்ததும் அதை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். நெய்த உருவம் எது, நிற்கும் உருவம் எது என்று ஒரு கணம் தெரியாமல் போவதே அராக்னியின் திறமைக்கு வெலாஸ்கெஸ் காட்டும் சான்று என்பது என் துணிபு.

6. சீலையில் உள்ள படத்தை அடையாளம் காணுங்கள்

இப்போது டிஷியனின் படத்தை எடுங்கள். சீலையின் மேற்பகுதியில் பறக்கும் குழந்தைத் தேவதைகளையும், வலப்புறம் காளையின் மேல் சாய்ந்து துணியை வீசும் யூரோப்பாவையும் அதில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். ஓவிட் சொன்ன முதல் காட்சியை அராக்னி நெய்திருக்கிறாள்; ஆனால் அவள் நெய்திருப்பது டிஷியனின் ஓவியம்.

இது ஏன் முக்கியம் என்றால், கதையில் குறை காண முடியாத சீலை என்று சொல்லப்பட்ட இடத்தில் வெலாஸ்கெஸ் டிஷியனை வைக்கிறார். குறையற்ற கலை எது என்று கேட்டால் அவர் தரும் பதில் அந்தச் சுவரில் தொங்குகிறது.

பிராடோவுக்குள்ளேயே இன்னொரு துணை உண்டு. 1628–29-இல் பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் மாட்ரிட்டில் தங்கியிருந்தபோது டிஷியனின் இதே ஓவியத்தைப் பார்த்து வரைந்த பிரதி இங்கே இருக்கிறது. வெலாஸ்கெஸ் அப்போது அரசவையின் இளம் ஓவியர். அந்தப் பிரதி காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று தகவல் மேசையில் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மூன்று கைகளில் ஒரே யூரோப்பாவைக் கண்ட பிறகு சீலையின் மங்கலான வண்ணங்கள் தெளிவாக வாசிக்கக் கிடைக்கும்.

7. கதையோடு முன்னறைக்குத் திரும்புங்கள்

பலர் செய்யாமல் விடும் படி இது. பின்னறையில் கதை கிடைத்ததும் முன்னறை வெறும் முகப்பு என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கதையின் தொடக்கம் இங்கே இருக்கலாம்.

இராட்டை அருகே அமர்ந்த முதியவளை மறுபடி பாருங்கள். முகமும் தலைத்துணியும் கிழவிக்கு உரியவை. பாவாடைக்குக் கீழே நீண்டிருக்கும் வெறுங்காலோ இளம்பெண்ணின் கால். வேடமிட்டு வந்த மினர்வா இவள்தான் என்று சொல்பவர்கள் முதன்மையாகக் காட்டும் ஆதாரம் இது. அப்படியானால் முதுகு காட்டி நூல் சுற்றும் இளம்பெண் அராக்னி ஆகிறாள்; முன்னறையில் கதையின் முதல் பகுதியும் பின்னறையில் அதன் முடிவும் ஒரே துணியில் நடக்கின்றன.

இதைக் கேட்டதும் பலர் உறுதியாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். ஓவிட்டின் கிழவி கையில் ஊன்றுகோல் வைத்திருக்கிறாள். இவள் கையில் இருப்பது கம்பளி சுற்றிய கோல். ஓவிட்டில் இருவரும் தறியில் நெய்து போட்டியிடுகிறார்கள். இங்கே ஒருத்தி நூற்கிறாள், மற்றவள் சுற்றுகிறாள். முன்னறைப் பெண்கள் தொழிலாளிகள் மட்டுமே, கதை பின்னறையில் மட்டுமே நிகழ்கிறது என்பாரும் உண்டு. இரண்டு கருத்துகளையும் வைத்துக்கொண்டு, எந்தக் கருத்துக்கு ஓவியத்தின் எந்தப் பகுதி ஒத்துழைக்கிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். நான் முதல் கருத்தின் பக்கம் நிற்கிறேன். காரணம் அந்தக் கால்தான்.

இந்த இரு பெண்களின் அமர்ந்த நிலைகள், வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த இரண்டு ஆடையற்ற இளைஞர்களை ஒத்திருப்பதை அங்குலோ சுட்டிக்காட்டினார். உழைக்கும் பெண்களுக்கு வெலாஸ்கெஸ் கொடுத்த உடல் மொழி எங்கிருந்து வந்தது என்பதை அறிய, பிறகு ஒருமுறை அந்தப் படங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. எந்தக் கணம் என்று கேளுங்கள்

இப்போது ஓவிட்டின் நிகழ்ச்சி வரிசையை நினைவுபடுத்துங்கள்: சீலை முடிகிறது, குறை காண முடியவில்லை, சீலை கிழிகிறது, அடி விழுகிறது. ஓவியத்தில் சீலை முழுதாக இருக்கிறது. மினர்வாவின் கை உயர்ந்திருக்கிறது. அராக்னி நிமிர்ந்து நிற்கிறாள். எனவே நாம் பார்ப்பது கிழிப்புக்கு முந்திய கணம்.

இதைச் சரிபார்க்க, அங்கிருந்து அதே அருங்காட்சியகத்தில் உள்ள, வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்துக்குச் செல்லுங்கள். அங்கே கூட்டமெல்லாம் நடுவில் நிற்கும் இளவரசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் பின்சுவரைப் பாருங்கள். கண்ணாடிக்கு மேலே, இருளில் மூழ்கிய இரண்டு பெரிய ஓவியங்கள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று, ரூபன்ஸ் அமைத்த ‘அராக்னியைத் தண்டிக்கும் மினர்வா’ என்ற காட்சியைப் பார்த்து வெலாஸ்கெஸின் மருமகன் மாஸோ வரைந்த பிரதி. ரூபன்ஸ் தேர்ந்தெடுத்தது அடி விழும் கணம். அவருடைய எண்ணெய் முன்வரைவு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அராக்னி தரையில் விழுந்து கிடக்க, மினர்வா நாடாவை ஓங்கி நிற்கிறாள்.

அந்த அடியை வெலாஸ்கெஸ் நன்றாக அறிந்திருந்தார். தம் ஓவியத்தின் பின்சுவரிலேயே அதை மாட்டி வைத்திருக்கிறார். கண் இருளுக்குப் பழகும் வரை சில நிமிடங்கள் அங்கே நின்றுவிட்டு, ‘நூற்கும் பெண்கள்’ முன்னால் கடைசியாக ஒருமுறை வந்து, உயர்ந்த கைக்கும் கிழியாத சீலைக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பாருங்கள்.